மணிக்கட்டு முறிந்த பிறகு மறுபடியும் வண்டி ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்கான பிசியோதெரபி என் வேலை. மணிக்கட்டு முறிந்து வருகிறவர்கள் வலி எப்போது போகும் என்று கேட்டு முடித்ததும் அடுத்துக் கேட்பது வண்டியைப் பற்றித்தான். சிலருக்கு வண்டிதான் பிழைப்பு. சிலர் வண்டி இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான். அதனால் இந்தக் கேள்வியை அவசரம் என்று நான் ஒதுக்குவதில்லை. அடிக்கடி வரும் கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் கீழே. உங்கள் எலும்பின் நிலையை நேரில் பார்த்தவர் உங்கள் மருத்துவர்தான். அவர் சொன்னதற்கும் இங்கே இருப்பதற்கும் வித்தியாசம் இருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

பொதுவாக எத்தனை வாரத்தில் ஓட்டலாம்?

எந்த எலும்பு, எப்படி உடைந்தது, என்ன சிகிச்சை நடந்தது என்பதைப் பொறுத்தது. அதிகம் உடைவது, முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் ரேடியஸ் எலும்பின் கீழ்முனை. கையை ஊன்றி விழும்போது முறிகிற இடம் அதுதான். மாவுக்கட்டு மட்டும் போட்டிருந்தால் வழக்கமாக அது 5, 6 வாரம் இருக்கும். பிரித்த அன்றே யாராலும் ஓட்ட முடியாது. விரல் மடங்காது, மணிக்கட்டு அசையாது. இன்னும் 2 முதல் 4 வாரம் பயிற்சி செய்த பிறகுதான் பெரும்பாலோர் காரை எடுக்கும் நிலைக்கு வருகிறார்கள். ஆக, விழுந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 7 முதல் 10 வாரம். எலும்பு பல துண்டாக நொறுங்கியிருந்தாலோ, வயது கூடியிருந்தாலோ 12 வாரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

கட்டைவிரலின் அடியில் முந்திரிப்பருப்பு அளவில் இருக்கும் ஸ்கேபாய்டு எலும்பு உடைந்திருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். அதற்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி விரல் பக்க முனையில் நுழைந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் உடைந்தால் மறுபாதிக்கு ரத்தம் குறைந்துவிடும். அதனால்தான் அந்த எலும்பு ஒன்றுசேர நாளாகிறது. கட்டே 8 முதல் 12 வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும்.

இந்த எண்கள் ஒரு உத்தேசக் கணக்குதான். தேதி வந்துவிட்டது என்பதற்காக வண்டியை எடுக்க வேண்டாம். உங்கள் கை என்ன செய்கிறது என்பதுதான் முடிவு சொல்ல வேண்டும்.

எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது என்கிறார்கள். அப்புறம் என்ன தடை?

என்னிடம் அதிகம் வாக்குவாதம் நடப்பது இந்தக் கேள்வியில்தான். எலும்பு கூடுவது முதல் படி மட்டும்தான். வாரக்கணக்கில் அசையாமல் இருந்த மூட்டு இறுகியிருக்கும். தசை மெலிந்திருக்கும். கட்டுப் பிரித்த புதிதில் பிடிமான பலம் மற்றக் கையில் பாதிகூட இல்லாமல் இருப்பது சாதாரணம். அது முழுதாகத் திரும்ப 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். ஓட்டுவதற்கு முழு பலமும் தேவையில்லை, ஆனால் இருக்கிற பலம் போதுமானதா என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று வலி. வலிக்கிற கை நம் பேச்சைக் கேட்காது. சுருக்கென்று குத்தினால் விரல்கள் தாமாகவே விட்டுவிடும். நீங்கள் எவ்வளவு மன உறுதி உள்ளவராக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. நேரான சாலையில் நிதானமாகப் போகும்போது இது தெரியவே தெரியாது. "நான் நன்றாகத்தான் ஓட்டுகிறேன்" என்று பலர் சொல்வதும் உண்மைதான். ஒரு குழந்தை குறுக்கே ஓடி வரும்போது ஸ்டீயரிங்கை ஒரே இழுப்பில் திருப்ப வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கை தயங்கினால் என்ன ஆகும்? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் போய்விடும். அரை நொடித் தயக்கம் என்றால் 7 மீட்டர். நான் ஓட்டச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் பார்ப்பது அந்த அரை நொடியைத்தான்.

மாவுக்கட்டோடு, பக்கத்திலேயே, மெதுவாக ஓட்டினால்?

வேண்டாம். விபத்துக்குப் பக்கம், தூரம் கிடையாது.

கட்டுப் போட்ட கையால் ஸ்டீயரிங்கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க முடியாது. கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டியிருந்தால் பிடி இன்னும் மோசம். முழங்கைக்கு மேல் வரை கட்டு இருந்தால் கையைத் திருப்பவே முடியாது. ஒரு கையால் சமாளிக்கலாம் என்றால், அதே கைதான் இண்டிகேட்டரையும் ஹாரனையும் தேடிப் போக வேண்டும், கியர் வண்டியாக இருந்தால் கியரையும். வளைவில் அந்தக் கை ஸ்டீயரிங்கை விட்டால் மிச்சம் என்ன? இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மோதலில் ஏர்பேக் வெடித்து விரியும் வேகத்தில், முன்னால் நிற்கும் கடினமான கட்டு உங்கள் முகத்தை நோக்கியே தள்ளப்படலாம்.

கழற்றி மாட்டும் ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

உள்ளே தகடு வைத்த ஸ்பிளின்ட் என்றால் கூடாது. மணிக்கட்டை மடங்க விடாமல் வைப்பதுதான் அதன் வேலை. ஓட்டுவதற்கோ மணிக்கட்டு மடங்கியாக வேண்டும். ஸ்பிளின்ட் இல்லாமல் ஸ்டீயரிங் பிடிக்க பயமாக இருக்கிறது என்றால், கை இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். மெல்லிய துணிப் பட்டை வேறு விஷயம். உங்கள் பிசியோதெரபிஸ்ட் சரி என்றால் அது இருக்கட்டும்.

எனக்குப் பிளேட் வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் ஓட்டலாம் என்கிறார்களே?

பல நேரம் உண்மைதான். பிளேட்டும் ஸ்குரூவும் எலும்பைப் பிடித்துக்கொள்வதால் மணிக்கட்டைச் சில நாட்களிலேயே அசைக்கத் தொடங்கலாம், மூட்டு அவ்வளவாக இறுகாது. சிலர் 3, 4 வாரத்திலேயே காரை எடுக்கிறார்கள். 6 வாரத்துக்குள் நிறையப் பேர் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் பிளேட் தருவது உறுதியை மட்டும்தான், பலத்தை அல்ல. கீழே சொல்லியிருக்கும் சோதனைகள் உங்களுக்கும் பொருந்தும். தையல் பிரித்திருக்க வேண்டும், காயம் ஆறியிருக்க வேண்டும், அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் கையில் பாரம் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

தோலுக்கு வெளியே தெரியும் கம்பிகள் வைத்திருந்தால் அவற்றை எடுக்கும்வரை, அதாவது பெரும்பாலும் 4 முதல் 6 வாரம், ஓட்டும் பேச்சே வேண்டாம்.

வலி மாத்திரை சாப்பிட்டு ஓட்டலாமா?

பாரசிட்டமால் தூக்கம் வரவழைக்காது. டிரமடால், கோடீன் போன்றவை வரவழைக்கும், கவனத்தையும் மந்தமாக்கும். நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் அப்படித்தான். இரவில் போட்ட மாத்திரையின் மயக்கம் காலையிலும் மிச்சமிருக்கலாம். என்ன மாத்திரை என்று தெரியாவிட்டால் மருந்துக் கடையில் கேளுங்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது: மாத்திரை போட்டால்தான் ஓட்ட முடிகிறது என்றால், வலி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, மறைந்துதான் இருக்கிறது.

நான் தயாரா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

முதலில் வண்டியை விட்டுத் தள்ளி, ஒரு நாற்காலியில் உட்காருங்கள். விரல்களை மடக்கி முஷ்டி பிடியுங்கள். விரல் நுனிகள் உள்ளங்கைக் கோட்டைத் தொடுகின்றனவா? தொடாவிட்டால் இன்னும் நாள் இருக்கிறது. அடுத்து முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, கையில் ஒரு பேனாவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கையை உள்பக்கமும் வெளிப்பக்கமும் திருப்பும்போது பேனா எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் 50 டிகிரி வந்தால் பெரும்பாலான அன்றாட வேலைகளுக்குப் போதும், ஸ்டீயரிங்குக்கும் ஏறக்குறைய அதுதான் கணக்கு. வரவில்லை என்றால் தோளைத் தூக்கிச் சமாளிப்பீர்கள். அது நெருக்கடியில் கைகொடுக்காது. பிறகு ஈரத் துண்டைப் பிழிந்து பாருங்கள். நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து பாருங்கள். லேசான இறுக்கம் இருக்கலாம், பரவாயில்லை. முகம் சுளிக்க வைக்கும் வலி இருக்கக் கூடாது.

இதெல்லாம் சரியாக வந்தால் நிற்கிற காரில் ஏறுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும். சீட் பெல்ட்டை எந்தக் கையால் இழுத்து மாட்டுவீர்களோ அதே கையால் மாட்டுங்கள். சாவி போட்டுத் திருப்பும் வண்டி என்றால், பழுதான கைக்கு அதுவே ஒரு நல்ல பரீட்சை. சாவியைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இறுகப் பிடிக்க வேண்டும், முன்கை திரும்ப வேண்டும். ரேடியஸ் உடைந்தவர்களுக்கு இரண்டுமே கடினம். பலர் தங்களுக்கே தெரியாமல் உடம்பைச் சாய்த்துத் திருப்புவார்கள். கூட இருப்பவரிடம் அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் அல்லது பார்க்கில் வைத்து, என்ஜினை ஓட விடுங்கள். கியர் வண்டியானால் கிளட்சை மிதித்துக்கொண்டு ரிவர்ஸ் உட்பட எல்லா கியரையும் மாற்றி, முடிவில் நியூட்ரலுக்கே வந்துவிடுங்கள். ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர், ஹேண்ட்பிரேக் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். கடைசியாக என் நோயாளிகளிடம் நான் கட்டாயம் செய்யச் சொல்வது: கூட இருப்பவர் நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் "இடது!" என்றோ "வலது!" என்றோ சொல்லட்டும். சொன்னவுடன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை வேகமாகத் திருப்புங்கள். நான்கைந்து முறை போதும். நிற்கிற வண்டியில் ஸ்டீயரிங் ஓடுகிற வண்டியைவிடக் கனமாகத்தான் இருக்கும், அதுவும் நல்லதுதான். பழுதான கை மற்றக் கைக்குப் பின்னால் தயங்குகிறதா, நடுவில் விட்டுவிடுகிறதா என்று கூட இருப்பவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும். தயங்கினால் இறங்கிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

முதல் முறை சாலையில் எடுக்கும்போது?

பகலில், நெரிசல் இல்லாத நேரத்தில், தெரிந்த வழியில், 10, 15 நிமிடம். ஓட்டத் தெரிந்த ஒருவர் கூட வந்தால், நடுவில் கை வலித்தால் அவர் எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு காலி மைதானத்திலோ வண்டி நிறுத்தும் இடத்திலோ சுற்றிப் பாருங்கள். பார்க்கிங்கும் ரிவர்ஸும்தான் மணிக்கட்டுக்கு அதிக வேலை, நெடுஞ்சாலை அல்ல. ஸ்டீயரிங்கைக் கடிகார முகப்பாக நினைத்தால் கைகள் 9 மணியிலும் 3 மணியிலும் இருக்கட்டும். மேலே 11, 1 என்று வைத்துக்கொண்டால் மணிக்கட்டு தேவையில்லாமல் மடங்கி நிற்கும், ஏர்பேக்குக்கும் குறுக்கே இருக்கும்.

வீடு திரும்பியதும் கை கொஞ்சம் கனத்திருந்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. வீக்கமோ வலியோ காலையிலும் இருந்தால் நேற்று ஓட்டியது அதிகம். இரண்டு நாள் விட்டு, நேரத்தைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.

ஆட்டோமேட்டிக் கார், பவர் ஸ்டீயரிங். இன்னும் முன்னால் ஓட்டலாமா?

ஓரளவுக்கு. கியர் மாற்றும் வேலை இல்லை, ஸ்டீயரிங்கும் லேசு. கியர் கையே உடைந்தவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் திடீர் இழுப்பு எந்தக் காரிலும் திடீர் இழுப்புதான். ஸ்டீயரிங்கில் பொருத்தும் உருண்டைக் கைப்பிடியை நீங்களே வாங்கி மாட்டாதீர்கள். பல இடங்களில் அதற்கு அனுமதி வேண்டும், மோதினால் அதுவே காயப்படுத்தும்.

எந்தக் கை உடைந்தது என்பது முக்கியமா?

முக்கியம். ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கும் கார்களில் கியர் இடது கைக்கு. ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தால் வலது கைக்கு. கியர் கை உடைந்தால் தள்ளுவதும் இழுப்பதும் வலிக்கும். மறுகை உடைந்தால் கதை கொஞ்சம் ஆபத்தானது, பலர் கவனிக்காததும்கூட: ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் ஸ்டீயரிங்கைத் தனியாகப் பிடித்திருப்பது அந்தப் பழுதான கைதான்.

பைக், ஸ்கூட்டர்?

இங்கே நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன். 3 மாதத்துக்கு முன்னால் இரு சக்கர வண்டிக்கு நான் யாருக்கும் சரி என்று சொல்வதில்லை. காரை ஓட்டிச் சில வாரம் ஆன பிறகு இதை யோசிக்கலாம்.

காரணம் இருக்கிறது. பைக்கில் வலது கை ஆக்சிலரேட்டரைத் திருகிப் பிடித்தபடியே இருக்க வேண்டும், மணிக்கட்டு அவ்வளவு நேரமும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு தரும் முன் பிரேக்கும் அதே கையில். இடது கைக்கு ஓயாமல் கிளட்ச். பிரேக் அடிக்கும்போது உடம்பின் பாரம் முன்னால் சரிந்து இரண்டு மணிக்கட்டிலும் இறங்கும். மேடு பள்ளத்தின் அதிர்வு வேறு. வண்டி நிற்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் பிடித்து நிமிர்த்த வேண்டும். இத்தனைக்கும் மேல், விழுந்தால் நாம் ஊன்றுவது கையைத்தான். முழுதாக உறுதிப்படாத எலும்பு அதே இடத்தில் மறுபடி உடைந்தால், அதைச் சரிசெய்வது முதல் முறையைவிடச் சிக்கலாகலாம்.

மிதிவண்டிக்கும் இதேதான். நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் என்றால், கைப்பிடியில் பாரம் போடாமல் முன்கூட்டியே தொடங்கலாம்.

நான் லாரி ஓட்டுகிறேன். எனக்கும் இதே கணக்கா?

இல்லை. லாரி, பேருந்து ஸ்டீயரிங் பெரிது, ஓட்டும் நேரம் நீளம், சரக்கு ஏற்றி இறக்குவதும் பல நேரம் உங்கள் தலையில்தான். 15 நிமிடம் வலியில்லாமல் ஓட்டுவதை வைத்து 8 மணி நேரத்தைக் கணிக்க முடியாது. சம்பளம் போகிறது என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. அதனால்தான் முதலாளியிடம் பேசி முதல் சில வாரம் குறைந்த தூரமும் பாரம் தூக்காத வேலையும் கேட்கச் சொல்கிறேன். மருத்துவரிடம் தகுதிச் சான்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்களுக்கே பாதுகாப்பு.

சட்டம், இன்சூரன்ஸ்?

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பெரும்பாலான இடங்களில் அடிப்படை ஒன்றுதான்: வண்டியை முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது ஓட்டுநரின் பொறுப்பு. மருத்துவர் தடுக்கவில்லை என்பது அனுமதி ஆகாது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்து, இப்படி முறிவு ஏற்பட்டது, இப்போது ஓட்டலாமா என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிவைத்தால் இன்னும் நல்லது.

கை கொஞ்சம் வளைந்தே கூடியிருக்கிறது. ஓட்ட முடியாமல் போகுமா?

பெரும்பாலும் போகாது. ரேடியஸ் கீழ்முனை முறிவை 1814இல் விளக்கி எழுதியவர் ஆபிரகாம் காலிஸ் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான், அவர் கையால் தொட்டுப் பார்த்தே எழுதினார். வளைவு போகாது, ஆனாலும் காலப்போக்கில் வலி விலகிக் கை வேலை செய்யும் என்று அப்போதே சொல்லிவிட்டார். தோற்றத்தைவிட கை எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு பிடிக்கிறது என்பதைப் பாருங்கள். திரும்பவே மறுக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சீக்கிரம் தேற நான் என்ன செய்யலாம்?

கட்டு இருக்கும்போதே விரல், முழங்கை, தோள் மூன்றையும் தினமும் பல முறை முழுதாக அசையுங்கள். கட்டுக்குள் இருக்கும் மணிக்கட்டைவிட, சும்மா தொங்கவிட்டதால் இறுகிப்போன விரலும் தோளும்தான் பலரைத் தாமதப்படுத்துகின்றன. உட்காரும்போது கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். கட்டுப் பிரித்ததும் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து மணிக்கட்டை மடக்கி நீட்டுவது, பிறகு முன்கையைத் திருப்புவது, அதன் பிறகுதான் பலத்துக்கான பயிற்சி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முதல் நாளே ரப்பர் பந்தை அமுக்கத் தொடங்கி வீக்கத்தோடு வருகிறவர்கள் அதிகம்.

கை சரியாகிவிட்டது, ஆனால் ஓட்டவே பயமாக இருக்கிறது.

விபத்தில் உடைந்தவர்களுக்கு இது இயல்பு. வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். முதலில் பயணியாக அதே சாலையில் போய் வாருங்கள், அப்புறம் காலி இடத்தில் ஓட்டுங்கள். ஓட்டுநர் பள்ளியில் ஒன்றிரண்டு வகுப்பு எடுப்பதும் நல்ல வழி. கனவில் விபத்து திரும்பத் திரும்ப வந்து தூக்கம் கெட்டால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

ஓட்டத் தொடங்கிய பிறகு எதைப் பார்த்தால் நிறுத்த வேண்டும்?

கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் மரத்துப்போவது. ஸ்டீயரிங் பிடித்தால் அதிகமாகும், இரவில் எழுப்பிவிடும். மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு நசுங்குவதன் அடையாளம் அது. கை எரிவது போல் வலித்து, வீங்கி, நிறம் மாறி, வியர்க்கத் தொடங்கினால் அது வேறு வகைச் சிக்கல், சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால்தான் பலன்.

மூன்றாவதைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கட்டைவிரலைத் தூக்கும் தசைநாண், முறிந்த எலும்பின் மேலாக உரசி உரசித் தேய்ந்து ஒரு நாள் அறுந்துவிடலாம். எலும்பு விலகாமல் லேசாக விரிசல் விட்டவர்களுக்கும் இது வரும், பெரிய வலி இல்லாமலும் வரும். உள்ளங்கையை மேசைமேல் படிய வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். நேற்று வரை தூக்க முடிந்தது இன்று முடியவில்லை என்றால் வண்டியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். தேய்ந்து அறுந்த முனைகளை நேராகச் சேர்த்துத் தைப்பது பெரும்பாலும் முடியாது. ஆட்காட்டி விரலின் உபரித் தசைநாணை எடுத்துக் கட்டைவிரலுக்கு மாற்றுவார்கள். அது பிடித்து, கட்டைவிரல் மறுபடி பழகும்வரை ஸ்டீயரிங் வேண்டாம்.